அக்கா பார்த்துச் சொல்வாள்

காலை ஆறு நாற்பதுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் ஷட்டரைத் தூக்கும்போதே வெளியே ஏழு பேர் நின்றிருந்தார்கள். வெறும் வயிற்றோடு வந்தவர்கள். யாருக்கும் பேசத் தெம்பில்லை. சின்னவள் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளின் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கினாள். நரம்பு தேடுவதில் அவளுக்கு நல்ல பெயர். பருத்தவர்கள், வயதானவர்கள், ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்பவர்கள் எல்லோரையும் மூத்த டெக்னீஷியன் அவள் பக்கம்தான் தள்ளுவார்.

"வெயிட்டிங் லிஸ்ட், இவரை நீ பாரு."

அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான். முதுகலைப் படிப்புக்கு அவள் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். மூன்று கைவிரித்துவிட்டன. இன்னும் பதில் வராமல் மிச்சமிருந்த ஒன்றுதான் அவள் உண்மையில் ஆசைப்பட்டது. ரத்த நோய்களைப் பற்றி இரண்டு வருடப் படிப்பு, உதவித்தொகையோடு, ரயிலில் ஒரு இரவு தள்ளி இருக்கும் ஊரில். குழாய்களை இயந்திரத்தில் வைத்து, வரும் எண்களை எழுதிக் கொடுப்பது ஆறு வருடமாகச் செய்கிற வேலை. அந்த எண்கள் ஏன் அப்படி வருகின்றன என்று கேட்கிற இடம் அது.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறப்பாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கும். மூடுவாள். பஸ்ஸில், கழிப்பறையில், ரத்தம் எடுக்கிற நாற்காலி காலியாகும் இடைவெளியில். ஒரு நாள் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இரண்டு பேருடைய பெயர்ச்சீட்டைக் குழாய்களில் மாற்றி ஒட்டிவிட்டாள். மூத்தவர் கண்ணில் பட்டதால் தப்பியது. அவர் கத்தவில்லை.

"உனக்கு வர்ற சேதிக்காக இன்னொருத்தனுக்குத் தப்பான சேதி குடுத்துடாதே" என்றார்.

கத்தியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் போனை அக்காவிடம் நீட்டினாள். விண்ணப்பத்துக்காகவே தொடங்கிய மின்னஞ்சல், பல்கலைக்கழகத்தின் பக்கம், இரண்டுக்கும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாள். "என்கிட்ட சொல்லாதே. நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் சொல்லாதே. தினம் ஆறு மணிக்கு நீ ஒரு தடவை பாரு. வந்தா வந்துச்சுன்னு சொல்லு, வரலைன்னா வரலைன்னு சொல்லு."

"காலைப் பிடிக்கிறதுன்னா இப்பவே பிடி. நாள் பூரா நின்னு வலிக்குது" என்றாள் அக்கா.

அது பெரிய விடுதலையாக இருந்தது. நாற்பது நாளாக அவள் போனைப் போனாகத்தான் வைத்திருந்தாள். மூன்று மணிக்கு வீடு திரும்பி, பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பாவைத் துடைத்து, உட்காரவைத்து, இடது கையில் பேனாவைக் கொடுத்து எழுதப் பழக்குவாள். வலது கை இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்துவிட்டு, "உன் பல்கலைக்கழகம் இன்னும் குறட்டை விடுதுடி" என்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

இன்று பதினொரு மணிக்கு ஒரு பெண் கணவரின் ரிப்போர்ட்டை வாங்க வந்தாள். எண்களைச் சின்னவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

"ஏதாவது இருக்கா சிஸ்டர்?"

"டாக்டர் பாத்துச் சொல்வாரும்மா."

சொல்லும்போது உறையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்றால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வாள். இருந்தால் கைக்கு ஒரு வேலை தேடிக்கொள்வாள். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல, ஆறு வருடத்தில் தானாக வந்தது. அந்தப் பெண் போன பிறகும் விரல் மேஜையை நீவிக்கொண்டிருந்தது. நேற்று அக்கா துணி மடித்துக்கொண்டே "இல்லடி" என்றாள். அதற்கு முந்தின நாள் தண்ணீர் பிடித்துக்கொண்டே. அதற்கும் முன்னால் அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டே. குறட்டை நின்று பத்து நாளாவது இருக்கும்.

அப்பாவுக்குப் பயிற்சி கொடுப்பவர் வருகிற நாள் என்பதால் அக்கா அரை நாள் விடுப்பில் வீட்டில் இருந்தாள். சின்னவள் தாமதமாகி நாலு மணிக்கு வந்தபோது, அவள் பின்கட்டில் அப்பாவின் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"பாஸ்வேர்டக் குடுக்கா."

"ஆறு மணிக்குப் பாப்பேன்ல."

"இப்பக் குடு."

அக்கா சட்டையைக் கொடியில் போட்டு, இல்லாத சுருக்கத்தை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள். சின்னவள் பிறந்த தேதியும், பிறந்த நேரமும். அந்த நேரம் சின்னவளுக்கே தெரியாது.

பதினொரு நாளுக்கு முன் ஒரு கடிதம் வந்திருந்தது. இடம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. ஒன்பது நாளுக்கு முன் ஒரு கடிதம் போயிருந்தது, அவள் பெயரில். 'என் தந்தை பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டுள்ளார். இச்சூழலில் அவரைப் பிரிந்து வர எனக்கு மனம் ஒப்பவில்லை. எனவே என் சேர்க்கையை அடுத்த கல்வியாண்டுக்கு ஒத்திவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' ஒரு பிழை இல்லை. அலுவலகத்தில் ஒரு நாளைக்கு இருபது பேருக்கு, பணம் தர இயலாது என்று மனம் நோகாமல் எழுதுகிறவள் அக்கா. ஆதாரம் இல்லாத கடிதத்தை அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் டாக்டர் சான்றிதழை இணைத்திருந்தாள். கூடவே அப்பாவின் வாக்குமூலம். கீழே இடது கையால் போட்ட கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நடுங்கி நின்றது.

மூன்றாவது கடிதம் இன்று காலை வந்தது. ஒத்திவைக்க விதியில்லை. இந்த ஆண்டு சேர இயலாது என்று நீங்களே தெரிவித்திருப்பதால், இன்று மாலை ஐந்து மணிக்கு அந்த இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும்.

மணி நாலே கால்.

"வேண்டாம்னு நான் எழுதலையே" என்றாள் அக்கா. "அடுத்த வருஷம்னுதான் கேட்டேன். குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

"என் பேர்ல."

"உன் பேர்லதானே கேக்க முடியும்."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்லக்கா."

"கேட்டிருந்தா நீ போயிருப்பே." அக்கா ஈரக் கையை நைட்டியில் துடைத்தாள். "பக்கத்து வீட்டம்மா மூணு மணி வரைக்கும்தான் அப்பாவப் பாத்துக்குவாங்க. நீ மூணு மணிக்கு வர்றதாலதான் நான் வேலைக்குப் போறேன். நீ போயிட்டா யாருடி? ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் கேட்டேன்."

"கேட்டது அவங்ககிட்ட. என்கிட்ட இல்ல."

அவள் முன்னறைக்குப் போனாள். அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தாலும் பேச்சு புரியும், நேரம் கொடுத்தால்.

"அப்பா, பெரியவ ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கினாளே. எதுக்குன்னு தெரியுமா?"

"நீ... போகலேன்னு." ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "நீயே... எழுதினதா... அவ சொன்னா. அன்னைக்குத்தான்... நல்லாத் தூங்கினேன்."

அவர் சிரிக்க முயன்றார். நல்லாயிருந்த பாதி சிரித்தது. சின்னவள் போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டாள். இழுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அவளுக்கு ஒரு மனசைச் செய்து வைத்திருந்தார்கள், அவளுடையதைவிட நல்ல மனசு. அதை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

பின்கட்டுக்கு வந்து கடிதத்தின் அடியிலிருந்த எண்ணை அழைத்தாள். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவதில் ஒரு பெண் எடுத்தாள், எதையோ மென்றுகொண்டிருந்தாள். விண்ணப்ப எண்ணைக் கேட்டு, தட்டி, பார்த்தாள்.

"லிஸ்ட் இன்னும் அனுப்பலைங்க. ஆனா நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"நான் சேர்றேன். இந்த வருஷமே."

"மனசு மாறிட்டேன்னா எடுத்துக்க மாட்டாங்க. ஒரு தடவை எழுதிக் குடுத்தா அதான் முடிவு." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "இது நீங்க எழுதினது இல்லேன்னாதான் நிறுத்தி வைக்க முடியும். வேற யாராவது உங்க பேர்ல எழுதியிருந்தா சொல்லுங்க. அது வேற விஷயம், விசாரணைக்குப் போகும். அவங்க யாரு, எங்க வேலை பாக்குறாங்க, எல்லாம் கேப்பாங்க. அவங்க ஆபீசுக்கும் எழுதுவாங்க."

போனின் குரல் அந்தச் சின்ன இடத்தில் தெளிவாகக் கேட்டது. அக்கா பக்கெட்டின் பக்கத்தில் நின்றாள். கையில் வேலை எதுவும் இல்லை. பதினொரு நாளில் முதல் தடவையாகத் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. கொடியில் அப்பாவின் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவர் யாரையோ கூப்பிட்டார், பெரியவளையா சின்னவளையா என்று புரியவில்லை.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா? இந்த லெட்டர நீங்கதானே எழுதினீங்க?"