நிஸ்தார் கொக்கி

எங்கள் சமையலறை ஜன்னல் கொக்கியைக் கழற்றக் குரங்குகள் பழகிக்கொண்டது ஜனவரியில். அன்றிலிருந்து பாணோ முட்டையோ மேசையில் தங்கவில்லை. புதுக் கொக்கி ஒன்று வாங்கி வாருங்கள் என்று என் கணவர் நிஸ்தாரிடம் சொன்னது என் பிழை. அவர் அந்த வாரம்தான் த்ரீடி பிரிண்டர் வாங்கியிருந்தார்.

"கடையில வாங்குறதா? நானே டிசைன் பண்ணுறேன் ஆஸியா. சொஃப்ட்வெயார் சும்மாவே கெடைக்குது."

கணினியில் பெயரைப் பதிந்தார். நீளமாக நிபந்தனைகள் வந்தன. சந்தையில் அரைக் கிலோ கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற மனிதர், ஒரு வரிகூட வாசிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்தினார்.

முதல் கொக்கி உடைந்தது. அடுத்ததைக் குரங்கே பிடுங்கிக்கொண்டு போனது. ஐந்தாவது நன்றாகப் பூட்டியது. முதுகில் தன் பெயரையும் புடைப்பாகப் பதித்திருந்தார். எனக்கு அது போதும். அவரோ முனையை இன்னும் வளைக்க வேண்டும் என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

"முன்வீட்டு அன்ஸார் கண்ணுல பட்டா சரி, நாளைக்கே கொப்பி அடிச்சிருவான்" என்று என் நல்ல கட்டில் விரிப்பை எடுத்து பிரிண்டரை மூடினார். அதன் பிறகு அன்ஸாருக்குத் தேநீர் வாசலோடு சரி.

பன்னிரண்டாவது கொக்கி கணினியில் வளைந்துகொண்டிருந்த நாளில், நோன்பு திறக்க வைத்திருந்த கஞ்சிச் சட்டியைக் குரங்குகள் கவிழ்த்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் கொக்கி வாங்க யட்டவத்தைக்கு பஸ் ஏறினேன்.

சந்தைக்குப் பக்கத்துக் கடையில் சிவப்புக் கொக்கிகள் கொத்தாகத் தொங்கின.

"நிஸ்தார் கொக்கி எடுங்க தாத்தா. குரங்கால கழட்ட ஏலாது" என்றார் கடைக்காரர். அக்காவைத் தாத்தா என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

திருப்பிப் பார்த்தேன். முதுகில் என் கணவரின் பெயர்.

"இத யாரு செய்றது?"

"நாங்கதான். டிசைன் இன்டர்நெட்டுல கெடந்திச்சி. அந்த சொஃப்ட்வெயார்ல காசு கட்டாம வரைஞ்சா எல்லாருக்கும் எடுக்கத் தொறந்துதான் ஈக்குமாம். பேர எடுக்கத்தான் எங்களுக்குத் தெரியல்ல."

ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து நானே திருகாணி முடுக்கினேன். பத்து நிமிட வேலை. அவர் வந்து தடவிப் பார்த்தார். கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். முகம் செத்துவிட்டது.

"என்ட கொக்கியையா காசு குடுத்து வாங்கின?"

"நீங்க மாட்டித் தந்திருந்தா நான் ஏன் வாங்குறேன்?"

அஸர் தொழுகைக்குப் பிறகு குரங்கு வந்தது. இழுத்துப் பார்த்தது, உலுக்கிப் பார்த்தது. பிறகு மதிலைத் தாண்டி அன்ஸார் வீட்டு ஜன்னலுக்குப் போனது. அங்கேயும் இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அங்கேயும் சிவப்பாக ஒரு கொக்கி தெரிந்தது.

என் கணவரும் அதைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பிரிண்டர் மேலிருந்த கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு வந்து என் கையில் தந்தார்.