பச்சை மீன்மேல் விழுந்த பழி

காம்பானுக்கு விடியற்காலையிலிருந்து குளிர்க்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. பிக்கப் வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். முந்தாநாள்தான் டாக்டர் பாக்பூம் வாய்வழியே குழாய் விட்டு, புற்று அடைத்திருந்த அவருடைய பித்தநாளத்தைத் திறந்து, நல்லபடியாக முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

வார்டு வாசலில் காம்பானின் மனைவி புவாசோன் கைகூப்பி நின்றாள்.

"நாந்தான் டாக்டர் தம்பி குடுத்தேன். ரெண்டே வாய். நாக்கு செத்துப்போச்சுன்னு கெஞ்சினாரு."

"என்ன குடுத்தீங்க?"

"கோய் பிளா."

பச்சை மீனைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, வறுத்த அரிசிப்பொடி தூவியது. அந்த மீனிலிருக்கும் புழுதான் ஈரலில் குடியேறி, வருஷக்கணக்கில் இருந்து புற்றை வளர்க்கிறது என்று மீகோங் ஆற்றங்கரை ஊர்களிலெல்லாம் தொண்டை வறளச் சொன்னவர் பாக்பூம்.

"புருஷனை நீங்களே கொல்லப் பாத்தீங்களாம்மா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

அவளுடைய இரண்டு மகன்களும் அம்மாவை விட்டு விலகி நின்றார்கள். "அப்பாவ முழுங்கிட்டுதான் நீ அடங்குவே," என்றான் மூத்தவன்.

உண்மை வேறு. முந்தாநாள் பாக்பூம் ஈரலுக்குள் பிரியும் பித்தநாளத்தின் இரண்டு பக்கக் கிளைகளிலும், எக்ஸ்ரேயில் தெரிவதற்கான சாயமருந்தை விட்டார். பித்தம் வடிவதற்கான சிறு குழாய் வலது பக்கம் மட்டும்தான் போயிற்று. இடது பக்கம் பிடி கொடுக்கவில்லை. போராடிப் பார்த்துவிட்டு, போதும் என்று கையை எடுத்துவிட்டார். வடிக்க முடியாத கிளையில் மருந்தைத் தள்ளினால் தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகும். இதை மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறவரே அவர்தான். தெரியாமல் கத்தினாரா என்றால், இல்லை. கத்தும்போதே தெரியும். பழி தானாக வந்து இன்னொருத்தி தலையில் உட்கார்ந்ததும் மனிதருக்கு அப்படியொரு நிம்மதி.

நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி குத்தி இடது கிளையை வடித்தார். சீழாக வந்தது. மத்தியானம் காம்பானின் சரிந்திருந்த ரத்த அழுத்தம் நிமிர்ந்தது. மூத்தவன் வந்து, "அம்மா பண்ணினதுக்கு மன்னிச்சிருங்க டாக்டர்," என்று கும்பிட்டான். பாக்பூமுக்கு அந்தக் கும்பிட்டில் உடம்பெல்லாம் கூசியது.

புவாசோன் மாடிப்படிக்கடியில் தனியே உட்கார்ந்திருந்தாள். அவர் அருகில் குந்தினார்.

"மீனால இல்லம்மா. ரெண்டு வாய் மீன் ரெண்டு நாள்ல இப்படிப் பண்ணாது. நான் உள்ள மருந்த விட்டேன், அது வடிய வழி பண்ணல. அதுலதான் கிருமி பெருகி சீழ் வச்சுது. தப்பு என்னோடது."



"பொழைச்சிருவாரா?"

"இந்தக் காய்ச்சல்லேருந்து பொழைச்சிருவாரு."

"காலையிலயே தெரியுமா உங்களுக்கு?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "தெரியும்," என்றார்.

"ஊரே கேக்கத் திட்டினீங்க. இத மட்டும் படிக்கடியில வந்து சொல்றீங்க." அவள் இடுப்பில் லுங்கிபோல் சுற்றியிருந்த சின் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "எந்திரிங்க தம்பி. எம் பசங்க வார்டுலதான் இருக்கானுங்க."