கூர்மை நூற்றுக்கு நூறு

அந்திக் கடலுக்கு மேல் கலங்கரை விளக்கு ஒரு சிவப்புப் புள்ளியாக நிற்கிறது, அக்கா அதை நோக்கித் துடுப்புப் போடுகிறாள், கண்ணையும் நெற்றியையும் மூடிய கறுப்பு வி.ஆர். கருவிக்குள் அவளுக்குக் கடல், எனக்கு வெறும் ஹால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காற்றைத் தள்ளுகிற நாற்பத்தாறு வயது அக்கா, ஏல தம்பி, வெளக்கு கலங்கலா தெரியுதுல என்கிறாள், என்றாள், போன தையிலா, அதற்கும் முந்தியா, இரிக்கா, சரி பண்ணிருதேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், அப்படி உட்கார்ந்தே மூன்று மாதம் போனது, பழைய கம்ப்யூட்டர், கேட்டதெல்லாம் தராது, படத்தின் தரத்தைக் கூட்டினால் கடல் விக்கி விக்கி நகரும், அக்காவுக்குக் குமட்டும், குறைத்தால் விளக்கு கரைந்துவிடும், ஆகவே ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினேன், முதலில் நிழல்களை அணைத்து, மிச்சமான பலத்தைக் கூர்மையில் போட்டேன், இப்ப எப்படிக்கா, கொஞ்சம் பரவால்ல, மறுநாள் மறுபடியும் கலங்கல், அலையின் நுரையை எடுத்தேன், பறவைகளை எடுத்தேன், கரையில் நின்ற தென்னைகளை, மேகங்களை, கூர்மையை நூற்றுக்கு நூறு வைத்தேன், விளிம்பெல்லாம் பிளேடு மாதிரி நின்றது, அவள் பார்ப்பதை அப்படியே காட்டும் என் திரையில் விளக்கு துல்லியமாகத்தான் இருந்தது, அப்போதாவது உறைத்திருக்க வேண்டும், கருவியின் கண்ணாடியில்தான் கோளாறு என்று பஞ்சால் துடைத்தேன், அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவின் கண்ணை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, பாவி நான், இப்ப எப்படிக்கா, அவள் துடுப்பை நிறுத்திவிட்டு, இப்ப பளிச்சுன்னு தெரியுதுல, எந்தம்பி கெட்டிக்காரன் என்றாள், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வாரமே அக்கா டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள், காலெல்லாம் கொப்புளம், கண் ஆஸ்பத்திரியில் ஞானசெல்வி யாரு என்று கூப்பிட்டார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் போனாள், சக்கரை கண்ணுக்குள்ள பூந்துருச்சு, எத்தனை நாளா மங்கலா இருக்கு என்று டாக்டரம்மா கேட்டார், மூணு மாசமா என்றாள், கூட இருக்கிறவங்க யாரும் கவனிக்கலியா, கவனித்துக்கொண்டேதான் இருந்தேன் அம்மா, தினமும், பெரிய திரையில், ஏங்க்கா தெரியுதுன்னு சொன்ன என்று பஸ்ஸில் கேட்டேன், நீ அம்புட்டு நேரம் ஒக்காந்து பாடுபட்டியே தம்பி, இல்லன்னு எப்படிச் சொல்ல என்றாள், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழியை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை.

இன்றைக்கு அக்காதான் கேட்டாள், அத மாட்டிவிடு தம்பி, அலை சத்தமாவது கேப்போம், நான் எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன், நிழல், நுரை, பறவை, தென்னை, மேகம், கடல் விக்கினால் விக்கட்டும், இனி அவளுக்குக் குமட்டாது, அதே நாற்காலியில் அக்கா துடுப்புப் போடுகிறாள், வெளக்கு எரியுதா தம்பி என்கிறாள், எரியுதுக்கா, நேராத்தான் போறனா, நேராத்தான் போறக்கா, சிரித்தபடி இன்னும் வேகமாகத் தள்ளுகிறாள், என் திரையில் விளக்கில்லாத கடல் விரிந்துகொண்டே போகிறது, அந்தச் சிவப்புப் புள்ளி அவள் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது.