யாரும் கேட்கலாம் என்றார்கள்

என் வீட்டுக்காரர் எட்மண்டுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. அன்று ஒரு நாளாவது சும்மா உட்காருங்கள் என்று பட்டாபிராம் ஸ்டேஷனிலேயே படித்துப் படித்துச் சொன்னேன். அவர் ஒரு கையில் வடைத் தூக்கு, இன்னொரு கையில் கேசரி டப்பா, மேலே எங்கள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. "நா இன்னா கொயந்தயா ஹில்டா?" என்றார்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். எங்கள் மகள் ஜெயகுமாரிக்கு ஆவடியில், அவள் ஆராய்ச்சி செய்த கல்லூரியில், டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். முடிந்ததும் பட்டம் வாங்குகிறவர் எல்லாருக்கும் டிபன் கொடுப்பது வழக்கம். கடை வடை வாயில் வைக்க முடியாது என்று நானே சுட்டேன்.

அவள் ஆராய்ச்சி எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். அணுவுக்குள் இருக்கும் துகள்களை அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வருமாம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் உள்ளே ஒளிந்திருந்து ஆட்டிவைக்கிறதா, இல்லை அப்படி எதுவும் கிடையாதா என்பதுதான் கேள்வி. ஒளிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கிறது என்று இவள் விளக்கினாள்.

எட்மண்ட் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவர். மைக்ரோமீட்டரில் இரண்டு பேருக்கு இரண்டு அளவு வந்தால் விடமாட்டார். தூசியா, கைச்சூடா, திருகு தேய்ந்ததா என்று கண்டுபிடிக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். காரணம் இல்லை என்று எவனாவது சொன்னால் அவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கட்சி. வீட்டில் காணாமல் போன ஸ்பூனுக்குக்கூட விசாரணை உண்டு.

அவள் பேசி முடித்ததும், யாரும் கேள்வி கேட்கலாம் என்றார் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். அது ஒப்புக்குச் சொல்வது. இந்த மனுஷன் எழுந்துவிட்டார்.

"ரெண்டு தபா அளந்தா ரெண்டு மாரி வருதுன்னா கருவியில தப்பு கீது. இல்ல அளந்தவன் மேல தப்பு. காரணமே இல்லன்னு எழுதிக் குடுத்தா எங்க கம்பெனில ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா."

பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜெயகுமாரி சிரிக்காமல், போர்டில் கோடு போட்டுப் பதில் சொன்னாள். ஓரிடத்தில் பிறந்து பிரிந்துபோன இரண்டு துகள்களைத் தள்ளித் தள்ளி வைத்து அளந்திருக்கிறார்களாம். விடையைக் கிளம்பும்போதே ஆளுக்கொன்றாக மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தால், இரண்டும் இவ்வளவுதான் ஒத்துப்போக முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. கருவியின் பிழையையெல்லாம் கழித்த பிறகும் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. இனி எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அது மாறாது என்றாள். எனக்கே புரிந்தது. அவருக்கும் புரிந்தது என்று, தலையை ஆட்டிய விதத்தில் தெரிந்தது.

தேர்வாளருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

எட்மண்ட் மகளைப் பார்த்தார். பெருமையாகத்தான் பார்த்தார். அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அவள் திரும்பி நின்று, அழிக்க வேண்டிய அவசியமே இல்லாத கோட்டை அழித்தாள். பாவி மகள், என் அப்பா என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமா? சரி, அவள்தான் அப்படி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வாய் எங்கே போயிற்று? நானும் குனிந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"டிபன் கொண்டாந்தவன் சார்" என்றார் எட்மண்ட்.

கோட்டைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். பிறகு ஒவ்வொருவருக்காகப் பரிமாறினார். நான் சட்னிக் கிண்ணத்தோடு பின்னாலேயே நடந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜெயகுமாரி தேர்வாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வடை என்றால் அவளுக்கு உயிர்.

"இன்னொண்ணு வைக்கட்டுங்களா மேடம்?" என்று கேட்டார். குத்திக்காட்டுகிற மனுஷன் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நான் நின்றேன்.

"போதுங்க" என்றாள்.