இருநூற்றுப் பதினான்கு கெட்டில்கள்

துறைத்தலைவி தொலைபேசியில் சுற்றிவளைக்கவில்லை. முதுகலை இறுதியாண்டுக் கண்காட்சி வெள்ளிக்கிழமை தொடங்குகிறது, மூன்று நாள். அங்கே படித்துவந்த டீச்சரின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அவர் செய்துவைத்த வரையும் இயந்திரம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஓடத் தொடங்கிய அரைமணி நேரத்தில் நின்றுவிடுகிறது. வகுப்பே தலைகீழாக நின்று பார்த்துவிட்டது.

"மூணு நாளும் அது ஓடி முடிச்சா டீச்சருக்குப் பட்டம் குடுக்கலாம்னு குழு ஒத்துக்கிட்டிருக்கு சார். பாதியில நின்னுட்டா என் கையில இல்ல. நீங்க இன்ஜினியராச்சே, ஒரு தடவ வந்து பாக்குறீங்களா?"

வருகிறேன் என்றார் டீச்சரின் கணவர். மனைவி இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த ஆறு வாரத்தில் அவரிடம் ஒருவர் வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் எல்லோரும் உட்காருங்கள், சாப்பிடுங்கள், கொஞ்சம் தூங்குங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியை வைத்ததும் அவர் செய்த முதல் காரியம், சட்டைக்கு இஸ்திரி போட்டது.

அவருடைய தொழில் இரைச்சலை நீக்குவது. காது கேட்கும் கருவி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில், பேச்சோடு கலந்துவரும் வேண்டாத சத்தத்தை வடிகட்டும் மென்பொருள் எழுதுகிறவர். வீட்டில் அவர் தும்மினால் பக்கத்து வீட்டில் குழந்தை எழுந்துவிடும். "ஆபீஸ்ல எடுக்குற இரைச்சலையெல்லாம் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துடுறாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் டீச்சர் சொல்வாள்.

டீச்சர் என்பது அவருடைய மனைவி. பத்தொன்பது ஆண்டு தொடக்கப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். பள்ளியில் ஒட்டிய பெயர் வீட்டுக்கும் வந்து, கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து அவரும் டீச்சர் என்றே கூப்பிட்டார். நாற்பத்து நான்காவது வயதில் ஒருநாள், கணினியையும் ஓவியத்தையும் வடிவமைப்பையும் ஒரே கூரையின் கீழ் படிக்கிற அந்த முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்துதான் அவரிடம் சொன்னாள்.

"இந்த வயசுல பைய மாட்டிக்கிட்டு காலேஜா?"

"பைய நான்தானே மாட்டப்போறேன். உங்களுக்கு எதுக்குத் தோள் வலிக்குது?"

முதல் பருவத்தில், ஒரே காரியத்தை நூறு முறை செய் என்று கணினியிடம் சொல்லக் கற்றுக்கொள்ளவே அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. அவர் பின்னால் வந்து நின்று, நாலாவது வரியில் அடைப்புக்குறியை மூடவில்லை என்பார். "நீங்க சொல்லிட்டா அது உங்க வீட்டுப்பாடம் ஆயிடும். அந்தப் பக்கம் போங்க." நாலைந்து நாளில் அவர் அந்தப் பக்கம் வருவதற்கே தடை விழுந்தது. கண்காட்சி அன்றைக்கு எல்லோரையும் போல வந்து பார்த்தால் போதும் என்றாள்.

இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நரம்பில் கோளாறு. மருத்துவர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். வீட்டில் அதற்கு ‘விருந்தாளி’ என்று பெயர். "விருந்தாளி இன்னிக்குச் சீக்கிரமே எழுந்துட்டாரு" என்பாள், டீக்கோப்பையைப் பாதி மட்டும் நிரப்பியபடி. கடைசியில் அவளைக் கொண்டுபோனது விருந்தாளி அல்ல. நெஞ்சுச் சளியில் தொடங்கி, காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் ஐந்தே நாள்.

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் அவரை வரவேற்றவள் டீச்சரின் வகுப்புத் தோழி. முப்பது தாண்டியவள், கட்டடக் கலைஞராக வேலை பார்த்துவிட்டு வந்து படிக்கிறவள். கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வயர் தொங்குவதால் டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் வயர்.

நீளமான அறை அது. ஒரு சுவரோரம் சாலிடரிங் மேசைகள், எதிர்ச்சுவரோரம் அட்டை வெட்டும் பலகைகள். பசையும் சூடான ஈயமும் கலந்த வாசனை. ஜன்னலில் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ‘குடிக்க’ என்றும் ‘தூரிகை கழுவ’ என்றும் ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

"டீச்சர் ஒட்டினதுதான் சார். முதல் மாசம் நான் நீலச் சாயத்த டீன்னு குடிச்சுட்டேன்."

"நீலம்னு தெரியலையா?"

"ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே குடிச்சா எல்லாம் டீதான் சார்."

கோப்பைகளுக்கு மேலே, சுவரில் ‘வெள்ளிக்கிழமை விதி’ என்று ஒரு தாள். என்ன அது என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் மொத்தமா வாங்கி, தன்னோட கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கணும். பாத்தத மட்டும்தான் சொல்லணும். அப்படி மாத்து, இப்படி மாத்துன்னு வாயத் திறக்கக் கூடாது. செஞ்சவங்களும் விளக்கம் குடுக்கக் கூடாது. நன்றின்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான்."

"விளக்கமே கூடாதா? எங்க வீட்டம்மா எப்படித் தாங்கினா?"

"ரெண்டு மாசம் கர்சீஃப வாயில வச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க சார்."

அந்த ஆறு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். சத்தமாகச் சிரித்துவிட்டோமோ என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார். யாரும் நிமிரவில்லை.

டீச்சரின் இயந்திரம் அறையின் கடைசியில் இருந்தது. ஆள் உயரப் பலகை, அதன் மேல் மூலைகளில் இரண்டு சிறிய மோட்டார்கள், அவற்றிலிருந்து இறங்கும் இரண்டு நூல்கள், நூல்கள் சேரும் இடத்தில் ஒரு பேனா. மோட்டார்கள் நூலை இழுத்தும் விட்டும் பேனாவைத் தாளில் நகர்த்தும். ஒரு படம் முடிந்ததும் தாள் சுருள் மேலே நகர்ந்து வெற்றிடம் வரும். வயர் தன் சொந்தக் கட்டமைப்பைக் கண்காட்சிக் கூடத்தில் தொங்கவிட வேண்டியிருந்ததால், சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர் இயந்திரத்தை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேனா ஒரு கெட்டிலை வரைந்தது. வளைந்த மூக்கு, ஒருபக்கம் நசுங்கிய மூடி. அவர்கள் வீட்டு அடுப்பில் இருப்பதேதான். முடிந்ததும் மறுபடி அதே கெட்டில். மறுபடியும். ஐந்தாவது கெட்டிலின் நடுவில் மோட்டார் நின்றது. தொட்டார். விரல் சுட்டது.

கணினியில் தரவுக் கோப்பைத் திறந்ததும் காரணம் புரிந்துவிட்டதாக நினைத்தார். பேனா போகவேண்டிய பாதை முழுவதும் பொடிப்பொடியாக அதிர்வு. மோட்டார்கள் ஒரு நொடியில் பத்து முறை முன்னும் பின்னும் துடிக்க வேண்டியிருந்தது. சூடாகாமல் என்ன செய்யும்? பாதையைப் பதிந்த கருவியில் ஏதோ கோளாறு, இரைச்சலோடு பதிவாகியிருக்கிறது என்று முடிவுசெய்தார். இருநூற்றுப் பதினான்கு கெட்டில்கள் இருந்தன. எதற்கு இத்தனை என்று ஒரு கணம் தோன்றியது. சோதித்துப் பார்த்திருப்பாள் என்று விட்டுவிட்டார்.

பிறகு அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்ததைச் செய்தார். வடிகட்டி எழுதினார், ஓட்டினார், அதே பெயரில் சேமித்தார். அலுவலகத்தில் மூலப் பதிவுகளைக் காப்பதற்கென்று தனிப் பிரிவே உண்டு. அவர் கைக்கு வருவது எப்போதும் நகல். அந்தப் பழக்கம் விரலில் ஊறிப்போயிருந்தது. இந்த அறையில் நகல் எடுத்துவைக்க யாரும் இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

இயந்திரம் சத்தமில்லாமல், சூடாகாமல், வழுக்கிக்கொண்டு ஓடியது. கோடுகள் அச்சடித்ததுபோல் இருந்தன. கடைசியில் உன் வீட்டுப்பாடத்தில் கை வைத்துவிட்டேன் பார் என்று மனதுக்குள் அவளிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வந்தபோது, வயர் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முப்பது கெட்டில்கள் வரைந்த தாள் மேசைமேல் விரிந்து கிடந்தது.

"சார், டீச்சர் கை எங்க?"

அவருக்குப் புரியவில்லை. வயர் மேசை இழுப்பறையைத் திறந்து, கண்காட்சியில் வைப்பதற்காக டீச்சர் எழுதிவைத்த அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் மூன்றே வரி. ‘தினமும் காலையில் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் ஒரு கெட்டில் வரைந்தேன். பேனாவில் கட்டிய கருவி என் கையை அப்படியே பதிந்துகொண்டது. கை எப்படி இருந்ததோ, இயந்திரமும் அப்படியே வரையும்.’

அவர் அட்டையை இரண்டு முறை படித்தார். காலையில் அடுப்படியில் அவள் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். கேட்டால், அந்தப் பக்கம் போய்க் குளியுங்கள் என்பாள்.

"அது இரைச்சல் இல்லையா?" என்றார்.

"அவங்க கை நடுக்கம் சார்" என்றாள் வயர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

"வேற எங்கேயாவது இருக்குமா?"

"கோடிங் எல்லாம் சர்வர்ல இருக்கு சார். பதிவு ரொம்பப் பெருசுன்னு டீச்சர் இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான்..."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழு மாதத்துக் காலைகள். அவள் உயிரோடிருக்கும்போது அவர் காட்டாத பொறுமையோடு ஓர் இயந்திரம் அவற்றை வைத்திருந்தது. ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டார். தன் கை இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தார்.

வயர் கழுத்து வயரைப் பிடித்துக்கொண்டு எதையோ கணக்குப் போட்டாள். பிறகு விறுவிறுவென்று தன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தாள்.

"வெள்ளிக்கிழமை!" என்றாள். "கடைசியா டீச்சர் வேலைய வாங்கி ஓட்டினது நான்தான் சார். நான் எதையும் அழிக்க மாட்டேன். எங்கம்மா கூட என்னைக் குப்பக்காரின்னுதான் கூப்பிடுவாங்க."

இருந்தது. ஆனால் இருநூற்றுப் பதினான்கும் அல்ல. அந்த வெள்ளிக்கிழமை வரைக்குமான நூற்று எண்பத்தேழு. அவர் எழுந்து அந்தத் திரை முன்னால் போய் நின்றார். முதல் கெட்டிலின் கோடு உறுதியாக இருந்தது. ஐம்பதில் லேசான சிலிர்ப்பு. நூற்று இருபதில் மூடி நீரில் தெரியும் நிழல் போல அலைந்தது. அறுபத்து மூன்றாவதில் மூக்கிலிருந்து ஒரு கோடு நேரே தாளுக்கு வெளியே பாய்ந்திருந்தது. பக்கத்தில் டீச்சர் குறிப்பு ஒன்று தட்டிவைத்திருந்தாள்: ‘அவர் தும்மினார். இருக்கட்டும்.’

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். நேற்று தன்னையும் சேர்த்தே வடிகட்டியிருந்தார்.

"எத்தன தடவ தும்மியிருக்கேன் இதுல?"

"பதினோரு தடவ சார். எங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு இங்க பேரே தும்மல் சார்தான்."

புதனும் வியாழனும் அவர் அங்கேயே இருந்தார். இந்த முறை கையைத் திருத்தவில்லை, மோட்டாரைத் திருத்தினார். ஒவ்வொரு கெட்டிலுக்கும் பிறகு ஒரு நிமிட ஓய்வு கொடுத்தார். மோட்டாருக்குப் பின்னால் சிறு விசிறி வைத்தார். நடுக்கம் எவ்வளவு வந்தாலும் தாங்குகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதித்தார். வகுப்பில் யாரோ அவர் பக்கத்தில் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போனார்கள். ‘குடிக்க’ என்று ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குடித்தார். இந்த அறையில்தான் அவள் இரண்டு ஆண்டு இருந்தாள். பை தூக்க வேண்டாம் என்று தான் தடுத்திருந்தால் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. தடுத்திருந்தாலும் கேட்காதவளாக அவள் இருந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

"மீதி இருபத்தேழு என்ன சார் பண்றது?" என்று வயர் கேட்டாள்.

"நான் துடைச்சது இருக்கே. அதையே ஓட்டலாம். ஆனா அட்டையில சொல்லிடணும்."

டீச்சரின் மூன்று வரிக்குக் கீழே அவர் தன் கையெழுத்தில் எழுதினார்: ‘கடைசி இருபத்தேழு படங்களில் இருந்த கை நடுக்கத்தைத் தவறுதலாக நீக்கியவன் அவருடைய கணவன்.’ குழுவும் அதைப் படித்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றது.

மூன்று நாளும் இயந்திரம் நிற்கவில்லை. வரைந்து முடிந்த கெட்டில்களை வயர் வெட்டி வெட்டிச் சுவரைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் மாட்டிக்கொண்டே வந்தாள். அறுபத்து மூன்றாவது வந்தபோது வகுப்பு முழுக்கக் கூடி நின்று, கோடு பாய்ந்ததும் "ஹச்" என்று கத்தியது. ஞாயிறு மதியம் நூற்று எண்பத்தேழாவது கெட்டில் வந்தது; அது கெட்டில் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், அவ்வளவு நடுக்கம். அடுத்தது அச்சடித்ததுபோல் வந்தது. அவர் தரையைப் பார்த்தார்.

சாயங்காலம் மூடும் நேரத்துக்கு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். கையில் காய்கறிப் பை, யாருடைய உறவோ. கயிற்றோடு சேர்ந்து முதல் கெட்டிலிலிருந்து நடக்க ஆரம்பித்தார். அட்டையைப் படிக்கவில்லை. அட்டையை யாரும் படிப்பதே இல்லை என்று டீச்சர் எப்போதும் புலம்புவாள். நடுவில் அவர் நடை மெதுவானது. நூற்று எழுபதுகளில் பையைக் கீழே வைத்துவிட்டு, தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல நடந்து கடைசிக் கெட்டிலுக்கு வந்து சேர்ந்தார். இயந்திரம் அப்போதுதான் இருநூற்றுப் பதினான்காவதை முடித்து நின்றது. துறைத்தலைவி தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டு டீச்சரின் கணவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"பாவம், எப்படி நடுங்கியிருக்கு அந்தக் கை! நல்லவேள, கடைசியில சரியாயிடுச்சு."

அவருக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. இல்லைம்மா, அது நான் செய்த தப்பு, அட்டையில் எழுதியிருக்கிறேன் பாருங்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற வயர் சட்டைப் பையிலிருந்து கர்சீஃபை எடுத்துத் தன் வாயருகே பிடித்துக் காட்டினாள், அவ்வளவுதான்.

அவர் மூச்சை இழுத்துவிட்டார்.

"நன்றிம்மா" என்றார்.