மச்சான் கையசைத்தால் களம் நீளும்

ஆட்டம் முடியக் கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது லாரி ஓட்டுநரின் கையில் பந்து போய்ச் சேர்ந்தால், கூடைப்பந்துக் களம் நீண்டுகொண்டே போகும். முதல் தடவை நீண்டபோது, மழை ஈரத்தில் தரைப்பலகை உப்பியிருக்கும் என்றார் அரங்கக் காவலாளி. மற்றவர்களும் இருக்கும் என்றார்கள். இரண்டாவது தடவை மழை இல்லை. களத்தின் வலது மூலை அன்றைக்குப் பக்கத்துத் தெருச் சலவைக்கடை தூரத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. சுவர் இடியவில்லை, கூரை பிளக்கவில்லை, மூலை மட்டும் போயிருந்தது. அங்கே நின்ற ஆள் நடந்து திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்து, கூட்டம் கலைந்து, கதவைப் பூட்ட முடியாமல் காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். எதிரணியினர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். களம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நீண்டுவிட்டால் என்ன செய்வது என்று இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார்கள்.

ஓட்டுநருடையது வீட்டுச் சாமான்களை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் நிறுவனத்தின் அணி. பகல் முழுக்க அவர்களுக்கு வேலையே கைமாற்றுவதுதான். நாலாவது மாடியில் இருக்கிற பெட்டியை ஒருவர் எடுத்து அடுத்தவரிடம் கொடுப்பார், அவர் அதற்கடுத்தவரிடம் கொடுப்பார், படிக்கட்டு வளைவில் நிற்பவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுவார், பெட்டி வந்து உட்காரும். பிடிப்பானா மாட்டானா என்று மேலே இருப்பவர் யோசித்ததே இல்லை. அப்படி யோசிக்கிறவருக்கு அந்தத் தொழிலில் கால்விரல் மிஞ்சாது. பியானோ ஒன்றைத் தனி ஆளாக இறக்கியதால் ஒருவருக்குப் பியானோ என்றே பெயர். பீரோவோடு உருண்டு விழுந்து பீரோவுக்குக் கீறல் படாமல் காப்பாற்றியவருக்குப் பீரோ. படிக்கட்டு வளைவில் நிற்பவருக்கு வளைவு என்று பெயர். இவ்வளவு கைமாற்றத் தெரிந்தவர்கள் சாயங்காலம் களத்தில் இறங்கி, கடைசி இரண்டு நிமிடம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பயிற்சியாளர் பேக்கிங் பிரிவு அக்கா. கண்ணாடிக் குவளையைக் காகிதத்தில் சுற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கூடைப்பந்தில் மிஞ்ச நிறையப் பேர் இருந்தார்கள். "கடைசியில டிரைவர் கையில குடுத்துட்டு எல்லாரும் தள்ளிப் போயிடுங்க" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வியூகம்.

ஓட்டுநர் மட்டும்தான் அந்த நிறுவனத்தில் சாமான் தூக்காதவர். மற்றவர்கள் ஏற்றி முடிக்கும்வரை தன் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட்டதில்லை. பந்து வந்ததும் ஈ ஓட்டுவது போல இடது கையை ஒரு வீசு வீசுவார். நாலு பேரும் விலகுவார்கள், அவர்களைத் தடுக்க வந்த நாலு பேரும் கூடவே போவார்கள். மிச்சம் ஓட்டுநரும் அவரைத் தடுப்பவரும் மட்டும். தட்டுவார், தோளைக் காட்டி ஏமாற்றுவார், எழும்பி வளையத்துக்குள் போடுவார். பாதிக்கு மேல் விழுந்துவிடும். அதுதான் வம்பாகப் போனது. ஒன்றுமே விழாமல் இருந்திருந்தால் யாராவது புத்தி சொல்லியிருப்பார்கள்.

வலது மூலைக்குப் போகிறவர் ஓட்டுநரின் தங்கை கணவர். மூலையிலிருந்து எறிந்தால் பயிற்சியில் அவருக்குத் தப்பாமல் விழும் என்பதால் அங்கே நிறுத்தினார்கள், பிறகு பெயரே மூலைக்காரர் என்று ஆகிவிட்டது. சொன்ன பேச்சைத் தட்டாதவர். மச்சான் கையசைத்தால் நேராக மூலைக்குப் போய், நெஞ்சுக்கு எதிரே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, வராத பந்துக்காக நிற்பார். அந்த வருடம் மூலை சலவைக்கடை தூரத்தில் இருந்தது. அடுத்த வருடம் அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் வந்தது, பிறகு ஒரு பெஞ்சு, பிறகு டீ விற்கிற ஒருவர். பந்து தட்டும் சத்தம் வேறு யாருடைய வீட்டிலோ கதவு தட்டுவது போலக் கேட்கும். தடுக்க வருகிறவரும் கடமைக்குக் கூடவே நடந்து வருவதால், ஊரில் உள்ள எல்லா அணிகளின் ஆட்களோடும் மூலைக்காரருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. வங்கி அணிக்காரர் தன் முதுகு வலியைப் பற்றி விரிவாகப் பேசினார். தீயணைப்பு அணிக்காரரோடு பேசிப் பேசி, அவருடைய அக்கா மகளைப் பீரோவுக்குப் பெண் கேட்டு முடித்தே வைத்தார். கல்யாணத்தில் பந்தைத் தவிர எல்லாம் மூலைக்கு வருகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

சங்கடமெல்லாம் திரும்பி வருவதில்தான். முதலில் ஆட்டம் முடிந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். பிறகு மறுநாள் காலையில் வந்தார். பிறகு அணிச் சட்டையோடு பஸ்சில் வந்து இறங்க ஆரம்பித்தார்.

"எங்க போனீங்க?" என்று மனைவி கேட்டார்.

"மூலையிலதான் நின்னேன்."

"மூலை எங்க இருக்கு?"

"அதை உங்க அண்ணனைத்தான் கேக்கணும்."

இதற்கிடையே அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஒரு கால்இறுதிக்குப் போய்த் திரும்பியபோது அவளுக்குக் கழுத்து நின்றிருந்தது. இன்னொரு ஆட்டத்துக்குப் போய்த் திரும்பியபோது பல் முளைத்திருந்தது. அரையிறுதி முடிந்து, இரண்டு பஸ் மாறி, கால் வீங்கி அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை பேச ஆரம்பித்திருந்தாள். அவளுடைய முதல் சொல் 'மாமா'. தங்கை தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்று தினமும் வந்து குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் ஓட்டுநர்தான். மூலைக்காரர் ஆசையாகக் கையை நீட்டினார். யாரோ ஒரு ஆள் வந்து தூக்குகிறானே என்று குழந்தை வீறிட்டு அழுது மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கை கால் கழுவி வருகிறேன் என்று பின்பக்கம் போன மூலைக்காரர் வெகுநேரம் கழுவினார்.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. இந்தத் தடவை மூலை எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருப்பாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"ஆட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்ல இருங்க" என்றார் மனைவி.

"நான் போகலைன்னா என்னைத் தடுக்கிற ஆளு உங்க அண்ணன் மேல போய் விழுவான். தோத்துருவோம்."

"உண்மையைச் சொல்லுங்க. பந்து வரும்னு பாத்துட்டு இருக்கீங்க."

இலவு காத்த கிளிக்கும் உள்ளூர ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்தானே. மனைவி அதற்குமேல் அவரிடம் பேசாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரி நிற்கிற இடத்துக்குப் போனார்.

"விலகுன்னுதானே சொல்றேன். ஊரை விட்டுப் போன்னா சொல்றேன்" என்றார் ஓட்டுநர், இருக்கையை விட்டு இறங்காமலே.

"ஒரு தடவை அவருக்குக் குடுத்தா என்ன, அண்ணா?"

ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான் அது. "தப்பிப் போச்சுன்னா? நான் விட்டா நானே திட்டு வாங்கிக்குவேன். மாப்பிள்ளை விட்டுட்டாருன்னா அவரைத் திட்டுவாங்க. அப்புறம் உன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"விட்டா விடட்டும். வீட்டுக்காவது வருவாருல்ல" என்றார் தங்கை. ஓட்டுநர் இதை அந்தப் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்ததில்லை. தங்கச்சிக்கு ஆட்டம் புரியாது என்று சமாதானம் செய்துகொண்டார், ஆனால் அன்றைக்கு லாரியை இரண்டு தடவை தவறான தெருவில் திருப்பினார்.

இறுதி ஆட்டத்தில் தீயணைப்பு அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. கடைசி நிமிடத்தில் பந்து ஓட்டுநரிடம் வந்தது, இடது கை வீசியது, மூலைக்காரரும் பீரோவுக்குப் பெண் கொடுத்த தீயணைப்புக்காரரும் கிளம்பினார்கள். தரை அவர்களுக்கு முன்னால் ஓடியது. பெஞ்சைத் தாண்டினார்கள், டீக்காரரைத் தாண்டினார்கள், அதுவரை பார்த்திராத ஒரு கிணற்றையும் தாண்டினார்கள். பார்வையாளர்களுக்கு மூலைக்காரர் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். இந்த வருடம் தீயணைப்பு அணிக்குப் புத்தி வந்திருந்தது. ஓட்டுநர் மேல் இரண்டு பேரை ஏவினார்கள். அவரால் திரும்பவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. அப்படியும் எறிந்துதான் பார்த்திருப்பார். ஆனால் இரண்டு தோள்களுக்கு நடுவே தங்கை தெரிந்தார். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கிப் பிடித்து, தூரத்துப் புள்ளியைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை அந்தப் பக்கம் பார்க்க மறுத்து, மாமாவைப் பார்த்துக் கை தட்டினாள். ஓட்டுநருக்கு அந்தக் கைதட்டல் பொறுக்கவில்லை. பந்தைப் பக்கத்தில் இருந்த பியானோவின் கையில் திணித்தார்.

பியானோ பதறவில்லை. கையில் ஒன்று வந்தால் அதை அடுத்த கைக்குக் கொடுப்பதுதானே அவர் பிழைப்பு. பீரோவிடம் கொடுத்தார்; தரை ஒரு மடிப்பு உள்ளே வந்தது. பீரோ வளைவிடம் கொடுத்தார். கிணறு போனது, டீக்காரர் போனார், போர்வையை மடிப்பது போலக் களம் மடிந்து மடிந்து கிட்டே வந்தது. வளைவு திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். அங்கே, கைக்கெட்டும் தூரத்தில், விரித்த உள்ளங்கைகளோடு மூலைக்காரர் நின்றிருந்தார். கூட வந்த தீயணைப்புக்காரர் பழக்கதோஷத்தில் பெஞ்சு தேடிக்கொண்டிருந்ததால் எதிரே தடுக்க யாரும் இல்லை. வளையம் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை வருடம் காத்திருந்த பந்து கையில் வந்து உட்கார்ந்தது. கடைசிக் கை தன் கைதான் என்று தெரிந்ததும், வரிசையில் கடைசியில் நிற்கிற ஆள் தினமும் என்ன செய்வாரோ அதையே மூலைக்காரர் செய்தார். முழங்காலை மடக்கி, சத்தம் வராமல், கீறல் படாமல், பந்தைத் தரையில் மெதுவாக இறக்கி வைத்தார். உருண்டுவிடாமல் இருக்கக் காலால் அண்டையும் கொடுத்தார். நடுவர் விசில் ஊதினார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று யாரோ முனகினார்கள். முதலில் சிரித்தது பேக்கிங் பிரிவு அக்காதான். எவ்வளவு பதமாக வைத்தான் பார் என்று தொழில்முறையில் பாராட்டவும் செய்தார். தனி மரம் தோப்பாகாது என்று தான் எப்போதும் சொல்லி வந்ததாகவும் சேர்த்துக்கொண்டார். அப்படி அவர் சொன்னதே இல்லை. மனைவி இறங்கி வந்து குழந்தையை மூலைக்காரரிடம் கொடுத்தார். குழந்தை வழக்கம்போல அழுதாள். ஓட்டுநரின் கை தானாக நீண்டது, பாதியில் நின்றது. லாரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் வெளியே போனார். லாரி பத்திரமாகத்தான் இருந்தது. அழ அழ மகளை வைத்துக்கொண்டு மூலைக்காரர் அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனார், சாப்பாடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த அணி எல்லா ஆட்டத்திலும் கடைசி இரண்டு நிமிடம் கைமாற்றியே ஆடியது. சில நாள் 'நீங்க போடுங்க', 'இல்ல, நீங்க போடுங்க' என்று உபசாரம் செய்தே நேரத்தைக் கோட்டைவிட்டார்கள். எப்போதாவது ஓட்டுநருக்கே கொடுத்து விலகவும் செய்தார்கள், களம் ஒரு முழம் நீளும், அவ்வளவுதான். மற்றபடி ஒவ்வொரு கைமாற்றலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, இப்போது அது பெரிய கூடம் அளவுக்கு இருக்கிறது. முழங்கால் இடிக்கிறது என்று எதிரணிகள் சொல்கின்றன. அரங்கக் காவலாளி கோட்டை மட்டும் மறுபடி வரைந்துவிட்டு நேரத்தோடு பூட்டிக்கொண்டு போகிறார். மூலைக்காரரின் மகள் நடக்கப் பழகியது அங்கேதான். நடுக்கோட்டில் மாமாவின் விரலை விட்டுவிட்டு வலது மூலையை நோக்கிக் கிளம்பினாள், வழியில் எங்கும் உட்காரவில்லை, நேராக அப்பாவிடம் போய்ச் சேர்ந்தாள்.