மிசஸ் கிரட்சரின் முதல் பெயர்

மிசஸ் கிரட்சரின் முதல் பெயர் அமெரிக்காவின் அந்த ஜார்ஜியா ஊரில் வெள்ளைக்காரர் ஒருவருக்கும் தெரியாது. அவர் கறுப்பினப் பெண் என்பதால், தெரிந்தால் கடைக்காரர் முதல் நீதிபதி வரை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "மிசஸ்" என்பது வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும்தான். அதனால் பதினெட்டு வருஷமாக எதிலும் எம். எல். கிரட்சர் என்றே கையெழுத்துப் போட்டு வந்தார்.

1921 வசந்தத்தில், மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடத்தில் இரண்டு இனப் பெண்களும் முதல் தடவையாக ஒன்றாகக் கூட ஏற்பாடாகியிருந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வருஷத்துக்கு ஐந்து மாதம்தான் திறந்திருக்கும். அதை ஏழு மாதமாக்க, வெள்ளைக்காரப் பெண்கள் பள்ளி வாரியத்தில் இருக்கும் தங்கள் கணவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"முதல் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அப்படியே திரும்பிடுவேன்," என்றார் மிசஸ் கிரட்சர், வழியிலேயே.

"அப்போ பள்ளிக்கூடம்?" என்றார் கூட வந்த சபைத் தோழி சிஸ்டர் பூல். "கொஞ்சம் விட்டுக் குடுங்க சிஸ்டர். பேருதானே கேக்கறாங்க, பல்லையா புடுங்கறாங்க?"

"பல்லுன்னா குடுத்துருவேன்."

வாசலில் மேசை போட்டு, வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார் வெள்ளைக்காரச் செயலாளர் மிசஸ் டிட்வெல்.

"வா, வா. பேரைச் சொல்லு."

"மிசஸ் கிரட்சர்."

பேனா நின்றது. "அது சரி, உன் பேரு என்ன?"

"எம். எல்."

"எம்முன்னா? மேரியா, மார்த்தாவா?"

"ரெண்டும் நல்ல பேருங்கதான்."

பின்னாலிருந்து சிஸ்டர் பூல் முழங்கையால் இடித்தார்.

"வீட்டுல உன்னை எப்படித்தான் கூப்பிடுவாங்க?"

"எங்க வீட்டுக்காரரு மிசஸ் கிரட்சர்னுதான் கூப்பிடுவாரு."

அது பொய்யில்லை. தெருவில் நாலு பேர் காதில் விழட்டும் என்று அவர் உரக்கவே கூப்பிடுவார்.

கூடத்தில் எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். மிசஸ் கிரட்சர் கைப்பையை இறுக்கிக்கொண்டார். கால் திரும்பத் தயாராகிவிட்டது. அந்த இரண்டு மாதங்களும் கைவிட்டுப் போகின்றனவே என்று மனசு அடித்துக்கொண்டது.

உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி மிசஸ் எப்ஸ் பெருமூச்சு விட்டார். "குடுத்து வச்சவம்மா. எங்க வீட்டுக்காரரு நாப்பது வருஷமா என்னை 'ஏய்'னுதான் கூப்பிடறாரு!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. மிசஸ் டிட்வெல் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்து வரை சிவந்துபோய்ப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை எழுதியிருந்த ஒன்பது வெள்ளைக்காரப் பெண்களின் பெயர்களுக்கு முன்னாலும் மிசஸ் இருந்தது. பத்தாவது வரியிலும் மெதுவாக அதையே எழுதினார்.

"கிரட்சர்... எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க," என்றார், தலை நிமிராமலே.

மிசஸ் கிரட்சர் ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் சொன்னார்.

"மிசஸ் பூல்," என்று பின்னாலிருந்து முந்திக்கொண்டார் சிஸ்டர் பூல். "கடைசியில ஒரு 'ஈ' எழுத்து இருக்கு, விட்டுடாதீங்க."

மிசஸ் கிரட்சர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கொடுத்த தேநீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"பள்ளிக்கூட விஷயத்தை முதல்ல எடுத்துக்கலாமா?" என்றார்.